வெள்ளிக்கிழமை ஏத்தக் கூடாது

அந்தப் பையை என் கையில குடுக்காதீங்க அம்மிணி. அப்படியே சோபா மேல வைங்க. கோவிச்சுக்காதீங்க, வேண்டாம்னு சொல்லல, கொஞ்ச நேரம் இருக்கட்டும். ஓசூர்ல இருந்து பஸ்ல உக்காந்தே வந்திருக்கறீங்க, மொதல்ல நல்லா சாஞ்சு உக்காருங்க. காப்பி போட்டுட்டேன். சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன், பத்தலைன்னா சொல்லுங்க.

எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிட்டேனுங்க. டயாலிசிஸ் முடியற நேரந்தான். ஊசி எடுத்து, பஞ்சு வெச்சுக் கட்டி, உங்கப்பா ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் கட்டிலை விட்டு எந்திரிப்பாராம். "ஆறுச்சாமி ஐயாவோட பொண்ணு பூங்கொடி வந்திருக்காங்க, உங்களப் பாக்கணுமாம்"னு சொன்னேன். நம்மாளு, "சரி, ஐயாவையும் அங்கயே கூட்டிட்டு வந்தர்றேன்"னாரு.

கணபதியில உங்கப்பா வீட்டுக்குக் கூடப் போகாம நேரா இங்க வந்திருக்கறீங்க. வாசப்படியில நின்னுட்டே, "எங்கப்பாவ ஒரு வருசமா சொந்த மகனாட்டக் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வர்றாரே உங்க வீட்டுக்காரரு, அவரு கால்ல விழுகணும்னு வந்தேன்"னு சொன்னீங்க பாருங்க, அதான் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தேன். நீங்க அப்படி ஏதாச்சும் பண்ணினா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. அதனால அவரு வர்றதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிர்றேன். முழுசாக் கேட்டுட்டு அப்பறம் கோவப்படுங்க. சரிங்களா?

போன வருசம் ஆவணியில உங்கப்பாவுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சில்லீங்களா, "நாளை மையம் விடுமுறை, உங்கள் முறை திங்கட்கிழமை"ன்னு? விடுமுறையே இல்லாத சனிக்கிழமைக்கு? அத நம்பி அவரு போகாம இருந்து, உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு விட முடியாம ஐ.சி.யூ.வுல கெடந்தாரே. அந்த மெசேஜ் அனுப்புற சாப்ட்வேர் எழுதினது எங்க வீட்டுக்காரருங்க. சென்னியப்பன்தான்.

எந்திரிக்காதீங்க அம்மிணி. தயவுசெஞ்சு உக்காருங்க. முழுசாக் கேக்கறேன்னு சொன்னீங்கல்ல.

அவரு சேவை பண்ற ஆளும் இல்ல, டயாலிசிஸ் சென்டர்ல அனுப்பி வெச்ச ஆளும் இல்ல. உங்கப்பா அப்படித்தான் நெனச்சிட்டிருக்காரு. ஆஸ்பத்திரியில போயிப் பாக்கறப்ப, "சென்டர்ல இருந்து வர்றீங்களா தம்பி"ன்னு உங்கப்பா கேட்டாராம், இவரும் ஆமான்னு தலையாட்டிட்டாரு. அந்த ஒரு தலையாட்டல் இன்னைக்கு வரைக்கும் போயிட்டிருக்குது. செவ்வாய், வியாழன், சனி. ஆபீஸ்ல பாதி நாள் லீவு, பாதி நாள் அங்கயே மடியில கம்ப்யூட்டர வெச்சிட்டு வேலை. என் சனிக்கிழமையெல்லாம் போச்சுங்க. ஒரு கல்யாணம் கிடையாது, ஒரு காட்சி கிடையாது. நான் கேட்டா, "நீ போயிட்டு வா கோகிலா"ம்பாரு. நான் மட்டும் போயி நின்னா எங்க சனம் என்ன பேசும்?

தப்பா எடுத்துக்காதீங்க. உங்கப்பாவக் கூட்டிட்டுப் போறதுல எனக்கு வருத்தம் இல்ல. எங்க வீட்டுக்காரரு தன்னைத்தானே இப்படி வதைச்சுக்கறாரேன்னுதான்.

அவரு அப்படிப்பட்ட கவனமில்லாத ஆளில்லைங்க. அதத்தான் சொல்ல வர்றேன். இருபது வருசமா இந்த வேலையில இருக்காரு. ஆபீஸ்ல சின்னப் பசங்களுக்கெல்லாம் இவருதான் வாத்தியாரு மாதிரி. அவங்க தொழில்ல நெறைய விதி இருக்குதுங்க. எந்தப் புஸ்தகத்துல இருக்குதோ, யாரு சொன்னதோ, எனக்குத் தெரியாது. பட்டுத் தெரிஞ்சவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறதாம். இவரு சோறு திங்கறப்பவும் அதத்தான் பேசுவாரு. நான் காங்கேயத்துல பி.காம். படிச்சவ. கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம் ஆயிருச்சு.

ஒரு வேலைக்கு எத்தன நாள் ஆகும்னு தோணுதோ அதை ரெண்டாப் பெருக்கிச் சொல்லணுமாம். பெருக்கிச் சொன்னாலும் பத்தாதாம், அதையும் மனசுல வெச்சுக்கணுமாம். நான் டெய்லர்கிட்ட ஜாக்கெட் குடுத்தா இப்ப அந்தக் கணக்குத்தான் போடறேன், சரியா வருது. லேட்டான வேலைக்கு ஆள் சேத்தா இன்னும் லேட்டாகுமாம். அது எனக்குச் சொல்லவே வேண்டியதில்ல. இவரோட அக்கா ரெண்டு பேரும் எனக்கு ஒத்தாசை பண்றேன்னு சமையக்கட்டுக்குள்ள வந்தாங்கன்னா அன்னிக்கு மத்தியானச் சோறு மூணு மணிக்குத்தான். உப்பு எங்கன்னு ஒருத்தருக்குச் சொல்லி, கரண்டி எங்கன்னு இன்னொருத்தருக்குச் சொல்லி.

பஸ் கணக்குன்னு ஒண்ணு சொல்லுவாரு. ஒரு டீம்ல யாரு பஸ்ல அடிபட்டா வேலை நின்னு போகும்னு எண்ணிப் பாக்கணுமாம். ஒரே ஒரு ஆளு மேல எல்லாம் நிக்குதுன்னா அது ஆபத்தாம். "வாயக் கழுவுங்க"ன்னு நான் சத்தம் போட்டிருக்கேன். சிரிப்பாரு. "எங்க டீம்ல அந்த ஒரு ஆளு நான்தான் கோகிலா"ம்பாரு. பெருமையாத்தான் சொல்லுவாரு, பாவம்.

இந்த விதியெல்லாத்துக்கும் மேல ரெண்டு வெச்சிருந்தாரு. ஒண்ணு, ஓடிட்டிருக்கறதத் தொடாதே. இன்னொண்ணு, வெள்ளிக்கிழமை புதுசா எதையும் ஏத்தாதே. ஏத்தறதுன்னா, எழுதின மாத்தத்த ஓடிட்டிருக்கற சாப்ட்வேர்ல கொண்டு போயிச் சேக்கறதுங்க. வெள்ளிக்கிழமை ஏத்திட்டு வீட்டுக்குப் போயிட்டா, சனி ஞாயிறு எது ஒடஞ்சாலும் பாக்க ஆளிருக்காதாம். பெனிட்டான்னு நாகர்கோயில் பொண்ணு ஒண்ணு இவரு கீழ வேலை செய்யுது. அது சேந்த அன்னிக்கே இவரு மொத மொதல்ல சொல்லிக் குடுத்தது இந்த வெள்ளிக்கிழமை விதியாம். அதே சொல்லுச்சு.

இன்னொண்ணு கூட உண்டு, அது எனக்குப் புடிச்சது. எங்கயோ தப்பு இருக்குது, கண்டுபிடிக்க முடியலைன்னா, ஒரு பொம்மைய முன்னால வெச்சு, என்ன பண்ணியிருக்கோம்னு ஆரம்பத்துல இருந்து வாய் விட்டுச் சொல்லணுமாம். சொல்லச் சொல்லத் தப்பு தானா வெளிய வந்துருமாம். இவருக்கு அந்தப் பொம்மை நான்தான். நான் பாட்டுக்கு வெங்காயம் உரிச்சிட்டிருப்பேன், இவரு பாட்டுக்குச் சொல்லிட்டிருப்பாரு. எனக்கு ஒரு எழவும் புரியாது. பாதியில நிறுத்தி, "அட, கெடச்சுருச்சு"ன்னு எந்திரிச்சு ஓடுவாரு. நான் ஒண்ணுமே பேசியிருக்க மாட்டேன். நல்லா இருக்குங்க அந்த நேரமெல்லாம்.

இப்ப அப்படிப் பேசறதே இல்லீங்க. தட்டப் பாத்துட்டே சாப்பிட்டு எந்திரிச்சுர்றாரு.

அந்த வாரம் என்ன ஆச்சுன்னு சொல்றேன். எங்கண்ணன் காங்கேயத்துல புது வீடு கட்டியிருந்தாருங்க. சனிக்கிழமை குலதெய்வம் கோயில்ல பொங்கல், ஞாயித்துக்கிழமை விடியக்காலம் பால் காய்ச்சு, அப்படியே திங்கக்கிழமை பழனி போயிட்டு வர்றதுன்னு ஏற்பாடு. எங்க வீட்டு விசேசத்துக்கு இந்த மனுசன் ஒரு தடவை கூட நேரத்துக்கு வந்ததில்ல. வந்தாலும் காதுல போன். மாப்பிள்ளைன்னு எங்கண்ணன் சால்வை போட வந்தா, இவரு ஒரு கையில போன வெச்சுட்டு இன்னொரு கையில சால்வையப் புடிச்சுக்குவாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அதனால மாசம் பூரா நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் இருக்கறப்பவே கெளம்பணும், திங்கக்கிழமை வரைக்கும் ஆபீஸ்னு ஒண்ணு கெடையாது. அவ்வளவுதான். பொண்டாட்டி கேக்கக் கூடாத கேள்விங்களா அது?

அப்ப பாத்து அந்த டயாலிசிஸ் சென்டர்காரங்க, இனிமே ஞாயித்துக்கிழமை லீவு விடப் போறோம், அதுக்குத் தகுந்த மாதிரி மெசேஜ மாத்திக் குடுங்கன்னு கேட்டிருக்காங்க. திங்கக்கிழமை காலையில ஏத்தறதுன்னுதான் இவரு வெச்சிருந்தாரு. தானே பக்கத்துல இருந்து பாக்கணும்னு. ஆனா திங்கக்கிழமைதான் பழனி ஆச்சே. "செவ்வாக்கிழமை ஏத்திக்கறேன்னு சொல்லட்டுமா"ன்னு என்கிட்டக் கேட்டாரு. "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க, அப்பறம் அவங்க ஞாயித்துக்கிழமையே வேணும்பாங்க, பால் காய்ச்சற எடத்துல கம்ப்யூட்டரத் தொறந்துட்டு உக்காருவீங்க, எல்லாத்தையும் முடிச்சுட்டு வாங்க"ன்னேன். கம்ப்யூட்டரக் கொண்டு வரக் கூடாதுன்னும் சொன்னேன். நெசந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெனிட்டா கேட்டிருக்குது. "சார், இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நீங்களே வேண்டாம்பீங்களே"ன்னு. இவரு, "சின்ன மாத்தந்தாம்மா, ஒரே வரி"ன்னாராம். சின்ன மாத்தம்னு எவன் சொல்றானோ அவனப் புடிச்சு உக்கார வைன்னும் இவரேதான் ஒரு விதி வெச்சிருந்தாரு. அன்னிக்கு இவரப் புடிச்சு உக்கார வைக்க யாரிருக்கா? பெரியவரு சொன்னா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அந்நேரத்துக்கு நான் வேற கெளம்பிட்டீங்களா, கெளம்பிட்டீங்களான்னு ரெண்டு மூணு தடவ போன் பண்ணினேன். வண்டியில சாமானெல்லாம் ஏத்தியாச்சு, வெயில்ல நின்னுட்டிருக்கோம்ல.

வீட்டுக்கு வந்தவரு, சட்டை மாத்திட்டே, "கோகிலா, இன்னைக்கு ஒண்ணு பண்ணினேன், கேளேன்"னு ஆரம்பிச்சாரு. "மூணு நாளைக்கு அந்தப் பேச்சே கூடாது, வண்டியில ஏறுங்க"ன்னுட்டேன். சிரிச்சுட்டே ஏறிட்டாரு. பின்னால ஒரு நாள் சொன்னாரு, "அன்னிக்கு உன்கிட்டச் சொல்லியிருந்தா சொல்றப்பவே புடிச்சிருப்பேன்"னு. குத்தமாச் சொல்லலீங்க. சும்மா சொன்னாரு.

தப்பு என்னன்னா, வாரத்துக்கு மொத நாளு ஞாயிறா திங்களாங்கற கொழப்பந்தானாம். ஏழாவது நாளு ஞாயிறுன்னு இவரு எழுத, சாப்ட்வேரு சனிக்கிழமையத்தான் ஏழாவதா எண்ணி லீவு ஆக்கிருச்சு. வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்ப, சனிக்கிழமை மொறை இருக்கறவங்க எல்லாருக்கும் மெசேஜ் போயிருச்சு. நாங்க அப்பத்தான் பல்லடம் தாண்டி டீ குடிச்சிட்டிருந்தோம். ரொம்ப நாளைக்கப்பறம் சந்தோசமா இருந்தாரு. பழைய பாட்டெல்லாம் பாடிட்டு வந்தாரு.

சனிக்கிழமை காலையில சென்டர்ல பாதிக் கட்டில் காலி. நர்சம்மா பதறிப் போயி கம்பெனிக்குப் போன் போட்டிருக்காங்க. பாதிப் பேரு மெசேஜப் பாத்துட்டும் பழக்கத்துல வந்துட்டாங்க, மிச்சத்துல தெரிஞ்சவங்கள நர்சம்மாவே போன் போட்டுக் கூப்பிட்டுட்டாங்க. உங்கப்பா அந்த மாசந்தான் அந்தச் சென்டருக்கு மாறியிருந்தாரு போல. அவரு நம்பரு சாப்ட்வேருக்குள்ள மட்டுந்தான் இருந்துச்சு. யாராருக்கு அந்த மெசேஜ் போச்சுன்னு எடுக்கணும்னா இவரோட பாஸ்வேர்டு வேணும். பெனிட்டா இவருக்குப் போன் பண்ணுது, பண்ணுது, பண்ணிட்டே இருக்குது.

போன் என் ஹேண்ட்பேக்ல இருந்துச்சுங்க.

நான்தான் வாங்கி வெச்சிருந்தேன். கோயில்ல பானை பொங்கற நேரம். கொலவை போட்டுட்டிருக்காங்க. பைக்குள்ள அது அதிருது. எடுத்துப் பாத்தேன், பெனிட்டான்னு வந்துச்சு. ஆபீஸ்ல எப்பவுந்தான் கூப்பிடுவாங்க அம்மிணி. அவங்களுக்குப் பேப்பர் எங்கன்னு தெரியலைன்னாலும் இவரத்தான் கூப்பிடுவாங்க. இவரு எங்கண்ணன் பக்கத்துல வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு வெறகு தள்ளிட்டிருக்காரு. போட்டோ எடுத்துட்டிருக்காங்க. அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. உள்ள வெச்சுட்டேன். சாப்பிட்டு எலை எடுத்ததுக்கப்பறம் குடுத்தேன். சத்தத்துல கேக்கலைன்னு சொன்னேன். கொலவைச் சத்தத்துல யாருக்குத்தான் என்ன கேக்கும்.

அவரு அந்த மரத்தடியில நின்னு போன்லயே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து, சென்டர்ல இருந்து உங்கப்பாவுக்குக் கூப்பிட்டிருக்காங்க. எடுக்கல. எத்தனையோ தடவ. ஊருக்குப் போயிருப்பாருன்னு விட்டுட்டாங்க. இவருகிட்ட, "எல்லாம் சரி பண்ணியாச்சு சார்"னு சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை நாங்க பால் காய்ச்சினோம். அதே மத்தியானந்தான் பக்கத்து வீட்டுக்காரரு உங்கப்பாவ ஆட்டோவுல தூக்கிட்டு ஓடியிருக்காரு.

இவருக்குத் தெரிஞ்சது திங்கக்கிழமை, பழனியில. பாதி மலை ஏறியாச்சு. பெனிட்டா கூப்பிட்டுச் சொல்லுச்சு, ஒருத்தரு ஐ.சி.யூ.வுல இருக்காரு சார்னு. படியிலயே உக்காந்துட்டாரு. பின்னால ஏறி வர்றவங்கெல்லாம் சுத்திட்டுப் போறாங்க. நான், சாமி கும்பிட்டுட்டுப் போலாங்க, அவருக்காகவே வேண்டிக்கலாங்கன்னேன். "எந்த மூஞ்சிய வெச்சிட்டு"ன்னாரு. சாமி பாக்காமயே எறங்கிட்டோம்.

கம்பெனியில அவர யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. அங்கயும் ஒரு விதி. யாரு பண்ணினாங்கன்னு கேக்கக் கூடாது, ஏன் நடந்துச்சுன்னுதான் கேக்கணுமாம். பேரு சொல்லாமப் பேசி முடிச்சு, இனிமே வெள்ளிக்கிழமை ஏத்தறதுக்கு ரெண்டு பேரு ஒப்புதல் வேணும், பாஸ்வேர்டு ரெண்டு பேருகிட்ட இருக்கணும்னு முடிவு பண்ணிட்டு, டீ குடிச்சுக் கலைஞ்சுட்டாங்க. இவரும் அந்த விதியத்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, "யாராச்சும் என்னை ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்"னாரு. பெனிட்டா இங்க வந்து, நீங்க உக்காந்திருக்கற எடத்துல உக்காந்து அழுதுச்சு. "நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்க்கா"ன்னு. அது மேல என்ன தப்பு, சின்னப் பொண்ணு.

உங்கப்பாகிட்டச் சொல்லணும்னு அவரு நெனைக்காமயில்ல. டிஸ்சார்ஜ் ஆகி மொத நாள் வண்டியில கூட்டிட்டுப் போறப்பவே சொல்லிர்றதுன்னுதான் போனாரு. காந்திபுரம் சிக்னல்ல நிக்கறப்ப வாயத் தொறந்திருக்காரு. அதுக்குள்ள உங்கப்பா ஆரம்பிச்சுட்டாரு. உங்கப்பாவத்தான் உங்களுக்குத் தெரியுமே, டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு, வாய் லேசுப்பட்ட வாயா? "அந்த மெசேஜ் அனுப்புனவன் எவன்னு மட்டும் தெரிஞ்சா தம்பி, ஓடற பஸ்ல இருந்து எறக்கி விட்டுருவேன், அவன் குடும்பம் வெளங்குமா"ன்னு. இவரு, "ஆமாங்க ஐயா"ன்னாராம். கியர் மாத்தினாராம், போனாராம்.

அன்னில இருந்து இதே கதைதான். உங்கப்பா வாரத்துக்கு ஒரு நாளாச்சும் அத எடுத்து வைவாரு. இவரு ஆமாங்க ஐயா, ஆமாங்க ஐயா. சாயங்காலம் வந்து என்கிட்ட, இன்னைக்கு இப்படித் திட்டினாரு, அப்படித் திட்டினாருன்னு சொல்லுவாரு. திட்டு வாங்கின அன்னிக்குத்தாங்க ஒரு வாய் சேத்துச் சாப்பிடறாரு. திட்டாத அன்னிக்கு, அவரு பாட்டுக்கு, "எம்மகன் இருந்தாக் கூட இப்படிப் பாத்திருக்க மாட்டான் தம்பி"ன்னு சொல்லிட்டாருன்னு வெச்சுக்கங்க, வந்து மொட்டை மாடிக்குப் போயி நின்னுக்குவாரு. நான் கூப்பிடக் கூடப் போறதில்ல. போயி என்ன சொல்றது?

அதனாலதாங்க சொன்னேன். நீங்க இப்படிப் பழத்தையும் வேட்டி சட்டையையும் வெச்சுக் குடுத்துக் கும்பிட்டீங்கன்னா அவரு நொறுங்கிப் போவாரு. இத்தன நாளு யாரு கிட்டயும் இத நான் வாய் விட்டதில்ல. எங்கண்ணனுக்குக் கூடத் தெரியாது. நீங்க போலீசுக்குப் போனாலுஞ்சரி, கம்பெனி மேல கேஸ் போட்டாலுஞ்சரி, நான் தடுக்க மாட்டேன். உங்க உரிமை.

என்னுங்க அம்மிணி, திட்டறதுன்னாலும் திட்டிருங்களேன். அட, ஏன் அழுவறீங்க? இருங்க, தண்ணி கொண்டாறேன். இந்தாங்க. மெதுவா.

என்ன சொல்றீங்க? நீங்களா?

மறுக்காச் சொல்லுங்க. அந்த வெள்ளிக்கிழமை உங்கப்பா உங்களுக்குப் போன் பண்ணினாருங்களா? மெசேஜ் இப்படி வந்திருக்குது, எதுக்கும் ஒரு எட்டு நேர்ல போயிக் கேட்டுட்டு வரட்டுமான்னு கேட்டாருங்களா? அப்ப நீங்க...

ஓ.

"கம்ப்யூட்டர் தப்பா அனுப்புமாப்பா, சும்மா போயி அவங்ககிட்டச் சண்டை கட்டாத, நாளைக்காச்சும் நல்லாத் தூங்கு, போன சைலண்ட்ல போட்டுக்கோ"ன்னு நீங்கதான் சொன்னீங்களா. உங்க மாமியார் வீட்ல ஆளுக வந்திருந்தாங்க, அவசரத்துல சொல்லிட்டீங்க. அப்ப அவரு போன் எடுக்காதது அதனாலதான். ஒரு வருசமா இத வயித்துல வெச்சுட்டு இருக்கீங்களா? உங்க வீட்டுக்காரருகிட்டக் கூடச் சொல்லலியா? அதுதான் மாசத்துக்கு ரெண்டு தடவ ஓசூர்ல இருந்து ஓடி ஓடி வந்துட்டுப் போறீங்களா. உங்கப்பா, எம்பொண்ணுக்கு எம்மேல அவ்வளவு பாசம்னு இவருகிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு.

அய்யோ, தலையில அடிச்சுக்காதீங்க. இங்க பாருங்க. பாருங்க என்னை. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? அப்பா நல்லாத் தூங்கட்டும்னு சொன்னது ஒரு தப்பா? யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. பாசத்துல சொன்னது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல அம்மிணி, கண்ணத் தொடைங்க, ஒரு தப்பும் இல்ல.

பாருங்க, உங்களுக்கு எவ்வளவு சுலுவாச் சொல்லிட்டேன். உங்களப் பாத்து முழுசா ஒரு காப்பி குடிக்கற நேரம் கூட ஆகல. இந்த ஒரு வருசத்துல அவருகிட்ட இத ஒரு தடவ கூடச் சொன்னதில்லீங்க. உங்க மேல தப்பில்லைங்கன்னு ஒரு தடவ. வாய் வரைக்கும் வரும். சொன்னா, அப்ப யாரு மேலன்னு கேப்பாரே.

கேப்பாரு. அவருக்கு ஏன் ஏன்னு கேட்டுட்டே போற பழக்கம், என் ஹேண்ட்பேக் வரைக்கும் வந்து நிப்பாரு.

வண்டி வந்துருச்சுங்க. அவரு வண்டி சத்தந்தான், ரிவர்ஸ் எடுக்கறாரு. இப்படி ஜன்னல்கிட்ட வாங்க. கதவத் தொறந்து விடறாரு பாருங்க. உங்கப்பா கட்டுப் போட்ட கைய அவரு தோள்ல போட்டுட்டு எறங்கறாரு. என்னமோ பேசிச் சிரிக்கறாரு, ஊசி போட்ட மனுசனாட்டவா இருக்காரு? இவரு தலைய நிமித்தாம மேல ஒரு பார்வை பாத்தாரு பாத்தீங்களா. ஜன்னல்ல உங்களப் பாத்துட்டாரு. உங்க மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும், நான் சொல்லிட்டேன்னு.

என்ன சொல்றதுன்னு என்னையக் கேக்கறீங்க. எனக்கு என்னங்க தெரியும். உங்கப்பாகிட்ட நீங்க சொல்ல வேண்டியத நீங்க சொல்லுங்க, இன்னைக்கோ, அப்பறமோ. இவர என்ன பண்றதுன்னா, திட்டுங்க. நெசமாத்தான் சொல்றேன். தான் யாருன்னு தெரிஞ்ச ஒருத்தர் வாயில திட்டு வாங்கணும்னுதான் அவரு காத்திட்டிருக்காரு. நல்லாத் திட்டுங்க. ஆனா அவர மட்டும் தனியா நிக்க வெச்சுத் திட்டாதீங்க அம்மிணி. அவங்க படியேறட்டும், கொஞ்சம் பொறுங்க. நானும் போயி அவரு பக்கத்துல நின்னுக்கறேன்.